ஏறும் சைக்கிள், இறங்கும் சைக்கிள்

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐயா. நடுவில் தெரியவந்தால் நீங்கள் சிரிப்பீர்கள், நான் எழுதுவது தடைப்படும். நான் சொல்லச் சொல்ல ஏட்டையா எழுதிக்கொள்ளட்டும் என்றீர்கள். நானே எழுதித் தருகிறேன் என்று காகிதம் கேட்டு வாங்கினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். வேலை முடிந்து நான் படிக்கப் போகும் மாலை வகுப்பில் எல்லோரும் ஒப்புக்கொண்ட என் ஒரே திறமை அதுதான்.

பெயர் அருண்பாண்டி. சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். திருப்பூரில் கந்தவேல் முதலாளியின் பனியன் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. எதையும் ஒரு தடவை பார்த்து நம்ப மாட்டேன். தோள் அளவை டேப் வைத்துப் பார்ப்பேன், எழுதுவேன், எழுதியது சரிதானா என்று மறுபடி டேப் வைப்பேன். அறைக் கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். கம்பெனியில் என் பெயர் ரீசெக் பாண்டி.

செக்கிங் டேபிளில் ஒரு வழக்கம் உண்டு. குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, பீஸைப் பக்கத்துக் கூடையில் போட வேண்டும். வாயைத் திறக்க வேண்டியதில்லை. குறையைச் சரிசெய்வது வேறொருவர் வேலை. எனக்கு இந்த வழக்கம் மிகவும் பிடிக்கும். வாயால் குறை சொன்னால் டெய்லர் சண்டைக்கு வருவார். ஸ்டிக்கரோடு யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

இந்த வருடம், 2007-இல், ஒரு ஜெர்மன் பையர் எங்களுக்கு ஒரு ஆர்டர் கொடுத்தார். மலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடும் ஜெர்சி, இரண்டு ஸ்டைல். ஒன்று உடம்போடு ஒட்டிக்கொள்வது. மற்றது தொளதொளவென்று, முழங்கையில் அடிபடாமல் காப்புப் பட்டை வைக்க இடம் விட்டுத் தைப்பது. ஒரே ஆள் ஓட்டுகிற ஒரே சைக்கிளுக்கு எதற்கு இரண்டு விதம் என்று கம்பெனியில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. தோன்றினால் விட மாட்டேன். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, பாதி புரியாத ஆங்கிலத்தில், அது ஒரே சைக்கிள் இல்லை என்று கண்டுபிடித்தேன்.

ஒட்டும் ஜெர்சி கிராஸ் கன்ட்ரிக்காரர்களுடையது. அவர்கள் காடு மேடு என்று நெடுந்தூரம் போவார்கள், வேகமாக ஏறுவார்கள். சைக்கிள் எடை குறைவு. சீட் உயரத்தில் இருக்கும், ஹேண்டில்பார் தாழ்ந்து முன்னால் தள்ளி இருக்கும், ஓட்டுகிறவர் முன்சக்கரத்தின் மேல் கவிழ்ந்தபடி மிதிப்பார். மேடு ஏற அதைவிடச் சிறந்தது இல்லை. தொளதொள ஜெர்சி ஆல் மவுன்டன்காரர்களுடையது. அவர்களும் ஏறுவார்கள், மெதுவாக. அவர்களுக்கு இன்பமே பாறையில் இறங்குவதில்தான். அவர்களுடைய சைக்கிள் கனம். ஹேண்டில்பார் அகலம். முன்னும் பின்னும் நீளமான ஸ்பிரிங். முன்சக்கரம் நன்றாக முன்னால் தள்ளி நிற்கும். இறங்கும் முன் சீட்டுக்குக் கீழே கம்பியை இறுக்கிப் பிடிக்கும் சின்ன நெம்பைத் திறந்து சீட்டை அடியோடு இறக்கிவிடுவார்கள். அப்போதுதான் உடம்பைப் பின்னால் தள்ளி உட்கார முடியும். சீட் உயரத்தில் இருந்தால் உடம்பு பின்னால் போகாது. முன்னால்தான் போகும்.

இரண்டு பொருள்களை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுங்கள் என்று மாலை வகுப்பில் சித்ராதேவி மேடம் சொன்னார். மற்றவர்கள் இட்லியையும் தோசையையும் ஒப்பிட்டார்கள். நான் இதை எழுதினேன். மேடம் படித்துவிட்டு, "அருண்பாண்டி, இதுல எந்தச் சைக்கிளை நீங்க ஓட்டியிருக்கீங்க?" என்றார். எதையும் ஓட்டத் தெரியாது என்றேன். வகுப்பு சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது. டைரியில் அன்றைய பக்கத்தில், நன்றாக எழுதினேன், ஆனால் சந்தேகம், என்று எழுதினேன். என் டைரியில் பெரும்பாலான பக்கங்கள் அப்படித்தான் முடியும்.

அந்த ஆர்டருக்கு மெர்ச்சண்டைசர் ஆகலாம் என்று நான் நினைத்திருந்தேன். பையரோடு பேசுவது, சாம்பிள் அனுப்புவது, ஒரு நாள் ஜெர்மனிக்கே போவது. அதற்காகத்தான் மாலை வகுப்பு. முதலாளி என்னைக் கேன்டீனில் வைத்துக் கேட்டார்.

"ஏம் பாண்டி, உனக்குச் சைக்கிள் வருமா?"

"வராது சார்."

"பின்ன, பையரு வந்து வாங்க ஒரு ரவுண்டு போலாம்னா என்ன பண்ணுவே? பின்னாலயே ஓடுவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான். அவருடைய தம்பி மகன் நித்தீஷ் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முடித்து வந்திருந்தான். அவனுக்கே வேலையைக் கொடுத்தார். முதலாளியாக இருந்திருந்தால் நானும் அப்படித்தான் முடிவெடுத்திருப்பேன். இதை இரண்டு தடவை யோசித்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

நித்தீஷைப் பற்றிக் கெட்டதாக எழுத எனக்கு ஒன்றும் இல்லை. இருந்தால் இந்த வாக்குமூலம் சுலபமாக இருக்கும். என்னை அண்ணா என்பான். படம் எடுப்பதற்காகப் பையர் இரண்டு சைக்கிள்களை அனுப்பியபோது, அவன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் கருப்பு, ரெண்டுக்கும் ரெண்டு வீலு. ஒரே ஸ்டைல் ரெண்டு பீஸ் பேக் பண்ணீட்டாங்களாட்ட இருக்குதுங்ணா" என்றான். பனியன் ஊரில் வளர்ந்தவன் அப்படித்தான் நினைப்பான். நான் அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். எடை, ஸ்பிரிங், ஹேண்டில்பார் எல்லாம். சீட் விஷயத்தை மட்டும் நேரில் காட்டலாம் என்று விட்டுவைத்தேன்.

பதிலுக்கு அவன் எனக்குச் சைக்கிள் கற்றுத்தர வந்தான். ஷிப்ட் முடிந்து எல்லோரும் வேனுக்கு நிற்கும் நேரம். "மொதல்ல கால் எட்டோணுங்ணா, அப்பத்தான் பயம் போவும்" என்று நெம்பைத் திறந்து சீட்டைத் தன் கையால் இறக்கினான். பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு, "நான் புடிச்சிருக்கேனுங், நீங்க மிதிங்" என்று முற்றம் முழுக்க ஓடி வந்தான். நான் விழுந்தேன். பேக்கிங் பெண்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. என் முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "நாளைக்கு மறுக்காப் பாத்துக்கலாமுங்ணா" என்றான். அவனும் சிரித்திருந்தால் தேவலை. மற்றவர்கள் சிரித்ததை நான் மறந்துவிட்டேன். மண்ணைத் தட்டியது மட்டும் மறக்கவில்லை.

படம் எடுக்க இடம் தேர்ந்தெடுத்தது நான். ஊத்துக்குளிக்கு அப்பால் ஒரு கரடு, சின்னப் பாறைக்குன்று. ஒரு பக்கம் மண் பாதையாக ஏறும், மறுபக்கம் பாறைச் சரிவு. சரிவின் நடுவில் வாசற்படி போல ஒரு வெட்டு. முந்தின நாளே போய் அதன் உயரத்தை டேப் வைத்து அளந்தேன். பழக்கம். என் முழங்காலுக்கு மேல் இருந்தது. சந்தேகம் வந்து மறுபடி அளந்தேன். அதே அளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேனில் போனோம். நித்தீஷ், போட்டோக்காரர், டிரைவர் கருப்புசாமி, ஜெர்சிகளைத் தேய்த்து எடுத்துத் தர செக்கிங் டேபிளிலிருந்து விஜயராணி அக்கா, நான். அக்காவும் எங்கள் ஊர்ப் பக்கம்தான். வேனில் ஏற்றும்போது கிராஸ் கன்ட்ரி சைக்கிளை வாசலருகே வைத்தேன். ஆல் மவுன்டனை உள்ளே தள்ளி, மேலே அட்டைப் பெட்டிகளை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினேன். முடிச்சுகள் கொஞ்சம் அதிகம். வழியில் ஆடக்கூடாது அல்லவா.

முதலில் ஏறும் படம். ஒட்டும் ஜெர்சி, கிராஸ் கன்ட்ரி சைக்கிள், சீட் உயரத்தில். எல்லாம் முறைப்படி. நித்தீஷ் அழகாக ஏறினான். போட்டோக்காரருக்குக் காலை இளவெளிச்சம் போய்விடுமோ என்று கவலை. இறங்குவதையும் உடனே எடுத்துவிடலாம் என்றார். இன்னொரு சைக்கிள் வேண்டாமா என்று கேட்டவன் நித்தீஷ்தான்.

கருப்புசாமி வேனுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "யாருங்க இத்தன முடிச்சுப் போட்டது? இத அவுக்கறதுக்குள்ள பொழுது உழுந்துரும்" என்றார்.

நித்தீஷ் என்னைப் பார்த்தான். "அண்ணா, இதுலயே எறங்கிக்கட்டுங்களா?"

"இறங்கலாம் தம்பி."

"சீட்டக் கொஞ்சம் எறக்கோணுங்களா?"

சீட் விஷயத்தை நான் சொல்லித் தராமலே சரியான கேள்வியைக் கேட்டுவிட்டான். கெட்டிக்காரப் பையன். நான் குனிந்து, இந்தச் சைக்கிளிலும் இருந்த அந்த நெம்பைத் தொட்டேன். திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி மூடிவிட்டு, "பாஸ்" என்றேன். எங்கள் டேபிளில் குறை இல்லாத பீஸுக்குச் சொல்லும் சொல். அவன் நம்பினான். ஒரு பொருளை மூன்று தடவை பார்க்காமல் பாஸ் சொல்லாதவன் என்று கம்பெனிக்கே தெரியும். என் சந்தேகப் புத்தியால் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது. அதை அன்று செலவு செய்தேன்.

அந்த வெட்டில் முன்சக்கரம் நின்றது. நித்தீஷ் நிற்கவில்லை.

சத்தம் பெரிதாக இல்லை. தலையில் ஹெல்மெட் இருந்தது, அதனால் முகம் நன்றாகவே இருந்தது. கருப்புசாமியும் போட்டோக்காரரும் அவனைத் தூக்கினார்கள். "கால் எங்கீங்க, கால் எங்கீங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தான். கால் அதன் இடத்தில்தான் இருந்தது. நான் சைக்கிளிடம் போனேன். சீட்டுக் கம்பியில் மண்ணைத் துடைத்து, நெம்புக்கு நேராக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டினேன்.

மாலை ஆஸ்பத்திரி வாசலில் அதை முதலாளிக்குக் காட்டினேன். குறையைக் குறித்து வைத்திருந்தேன் சார், அவசரத்தில் தம்பி பார்க்கவில்லை போலிருக்கிறது என்றேன். கழுத்தெலும்பு நொறுங்கியிருக்கிறது, கழுத்துக்குக் கீழே இனி ஒன்றும் அசையாது என்று டாக்டர் அவரிடம் அப்போதுதான் சொல்லியிருந்தார். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "உன்ற மேல தப்பில்ல கண்ணு. நீ ஒட்டித்தான் வெச்சிருக்கறே" என்று அழுதார். அதுவரை அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. அடுத்த வாரம் மெர்ச்சண்டைசர் வேலை எனக்கு வந்தது. மறுத்தேன். ஒரு தடவைதான் மறுத்தேன்.

நித்தீஷைப் போய்ப் பார்த்தேன். அவன் அம்மா அவனுடைய சித்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பாண்டி ஸ்டிக்கரெல்லாம் ஒட்டி வெச்சிருந்துச்சாம், இவந்தான் கண்ணுல பாக்கல." நித்தீஷ் கூரையைப் பார்த்தபடி, "ஆமாங்ணா, நாந்தான் பாக்கலீங்" என்றான். தன் காதால் கேட்ட பாஸைவிட, பார்க்காத ஸ்டிக்கரை அவன் நம்பினான். பிறகு, "நீங்க சைக்கிள் பழகறத உட்றாதீங்ணா. வேற யாரையாச்சும் புடிச்சுக்கச் சொல்லுங்" என்றான்.

இதெல்லாம் இப்படியே இருந்திருக்கும். ஆனால் எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்க்கிற நான், இடத்தை அளந்து, பெட்டி அடுக்கி, முடிச்சுப் போட்ட நான், ஸ்டிக்கர் சுருளை எடுத்துவர மறந்துவிட்டேன். அன்று அதை விஜயராணி அக்காவிடம்தான் கேட்டு வாங்கினேன். நேற்று சாப்பாட்டு நேரத்தில் அக்கா தூக்குப்போசியைத் திறக்காமல் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ஏய்யா பாண்டி, அந்தப் பிள்ளைய வேன்ல ஏத்திக்கிட்டிருக்கோம், நீ எங்கிட்ட வந்து ஸ்டிக்கர் கேட்ட. நானும் கூறுகெட்டவ மாதிரி பையில கையவிட்டு எடுத்துக் குடுத்தேன். எதுக்குன்னு அப்பக் கேக்கத் தோணல."

ஜெர்சிக்கு என்றேன்.

"ஜெர்சி அவன் உடம்புல கிடந்துச்சே. பிழைக்க வந்த ஊருல இப்படிச் செஞ்சிட்டு நிக்கியே. நீயாப் போறியா, நான் போகட்டுமா?"

ஆகவே நானாகவே வந்தேன். அப்படியே பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அக்கா, துணைக்கு வந்தவர்.

அவன் விழுவான் என்று நிச்சயமாகத் தெரியுமா என்று நீங்கள் கேட்டீர்கள். இல்லை, ஐயா. நான் எதையும் நிச்சயமாக நினைக்கிற ஆள் இல்லை, கம்பெனியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவன் விழாமல் தப்பிக்கவும் வழி இருந்தது. சந்தேகத்தின் பலன் என்று சட்டத்தில் ஏதோ இருப்பதாகச் சொல்கிறார்கள். ஊரிலேயே அதிகம் சந்தேகப்படுகிற ஆளுக்கு அதில் கொஞ்சமாவது கிடைக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்த ஆர்டர் இன்னும் ஷிப்மென்ட் ஆகவில்லை. ஆல் மவுன்டன் ஜெர்சிக்கு முழங்கையில் இடம் விட வேண்டும். மறந்தால் மொத்தமும் ரிஜெக்ட். கம்பெனியிலிருந்து யாராவது கேட்டு வந்தால் என்னைப் பேச அனுமதியுங்கள். அவர்களுக்கு இரண்டு ஸ்டைலும் ஒன்றுதான். எந்தச் சைக்கிளில் இறங்கலாம், எதில் இறங்கினால் ஆள் தலைகுப்புறப் போவான் என்று இந்த ஊரில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதில் மட்டும் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததே இல்லை.