மகன்னுதான் சொல்வேன்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் உரக்கச் சொன்னாள்.

“பொய் சொல்லித் தாலி கட்டிக்க முடியாது மாமா.”

பக்கத்திலிருந்த தாய்மாமன் குரலைத் தாழ்த்தினார். “மாப்பிள்ளை வீட்டுப் பாஸ்டர் என்ன பெருசா கேக்குறாரு? இயேசுதான் கடவுள்னு ஒரு வார்த்தை. சொல்லிட்டா கல்யாணத்துக்குத் தேதி குடுத்துடுவாரு.”

“கடவுளோட மகன்னு சொல்றேன். எங்க அப்பா போற சபையில அப்படித்தான் நம்புறாங்க.”

“எனக்குக் கடவுளும் மகனும் ஒண்ணுதாம்மா. தண்ணிதான ஐஸ்கட்டியாவுது?”

“இயேசு முழங்கால் போட்டு ஜெபம் பண்ணாரே, தன்னைப் பாத்தேவா?”

“மனுஷனா வந்தாரு, மனுஷன் மாதிரி ஜெபிச்சாரு. எனக்கு அதுல சந்தேகமே இல்ல.”

“நீங்க நம்புங்க மாமா. எனக்கு அந்த நம்பிக்கை வரல. வராததை எப்படிச் சொல்றது?”

அவள் போன் அடித்தது. மாப்பிள்ளைதான்.

“நீங்க நம்புறத மாத்திக்கச் சொல்லி நான் கேட்டனா? என்னை மட்டும் ஏன் கேக்குறாங்க?” பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனை வைத்தாள்.

“என்னம்மா சொல்றாரு?”

“யோசிச்சுச் சொல்றாராம். யோசிக்கட்டும். நான் யோசிச்சு முடிச்சுட்டேன்.”

சிதம்பரம் வந்தது. இறங்கும்போது மாமா அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

“பாஸ்டர்கிட்ட நீயே சொல்லு. பக்கத்துல நான் நிக்கிறேன்.”