கண்ணாடி வேர்த்த வான்

“அக்கா, கொஞ்சம் மூச்சை அடக்குங்கோ. கண்ணாடி உள்பக்கம் வேர்க்குது,” என்றார் சாரதி.

அடைமழையில் கந்தளாயிலிருந்து திருகோணமலைக்குப் போன வான். ஏசி பழுது. நான் பின் சீட்டில் இருந்தேன்; முன் சீட்டில் மடியில் பொட்டலத்தோடு அந்த அக்கா.

“அடக்கினால் என்னையும் ஆஸ்பத்திரியில சேர்க்க வேணும். ஜன்னல் ஷட்டரை இறக்குங்கோ.”

“எல்லாரும் நனைவியள். மடியில துணிதானே? துடைக்க ஒண்டு தாங்கோ.”

“ஏலாது. தங்கச்சிக்குப் பிறக்கப்போற பிள்ளைக்குத் தோய்ச்சு வச்ச பழஞ்சீலை. கெதியாய்ப் போங்கோ, அவளை ஒப்பரேஷன் தியேட்டருக்குள்ள கொண்டு போயிட்டாங்கள்.”

“பாதை தெரியாமல் எப்பிடிக் கெதியாய்ப் போறது?”

சீனக்குடாவைத் தாண்டியதும் எதிரே ஒரு லொறி அலறியது. சாரதி வானை ஒடித்து ஒதுக்கினார்.

அந்த அக்கா பொட்டலத்தை அவிழ்த்து ஒரு துண்டை நீட்டினார்.

“பிடியுங்கோ. அந்தப் பிள்ளைக்குப் பெரியம்மாவும் வேணும்.”