இன்னும் நீளமா ஒரு வார்த்தை

இல்ல சார், புத்தகத்தைக் குடுங்கன்னு கேக்கலை. உங்க கைலயே இருக்கட்டும். பக்கத்தை மட்டும் திருப்புங்க, நான் எட்டிப் பாத்துக்கறேன். இந்த லைப்ரரில இத்தாலி மொழி அகராதி இது ஒண்ணுதான். அதையும் நீங்க காலைலேருந்து அடைகாக்கறீங்க.

அர்த்தம் வேணாம் சார். நீளம் போதும். வரியோட இந்தக் கோடிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் போகணும்.

எதுக்கா? அந்த நாட்டுல ஒரு சின்னப் பொண்ணுக்கு வாரம் ஒருதரம் போன்ல பாடம் எடுக்கறேன். வார்த்தையை அசை அசையா பிரிக்கணும், அசைக்கு ஒரு கைத்தட்டு. ஒரே எழுத்து ரெண்டா வந்தா நடுவுல வெட்டி ஆளுக்கொரு பக்கம் அனுப்பிடலாம். இந்த எஸ் மட்டும் பங்கு பிரிக்கவே விடாது, பக்கத்து எழுத்தைக் கட்டிக்கிட்டுப் போயிடும். ஃபி-நே-ஸ்த்ரா. ஜன்னல்.

சிரிக்காதீங்க சார், என் உசிரே இதுலதான் இருக்கு. வார்த்தை தீந்தா பாடம் தீந்துது. பாடம் இல்லைன்னா போனும் இல்லை. வேற ஒரு பேச்சும் கூடாதுன்னு அவங்கப்பா கண்டிஷன்.

போன வாரம் இருக்கறதுலயே பெருசா ஒண்ணை இறக்கினேன். ப்ரே-சி-பி-தே-வோ-லிஸ்-ஸி-மே-வோல்-மேன்-தே. தலைதெறிக்க ஓடறதுன்னு அர்த்தமாம். அவ்வளவு அவசரத்துல இருக்கறவன் இதை எப்ப சொல்லி முடிக்கறது? கொஞ்ச நேரம் இழுக்கும்னு நெனச்சேன். குட்டிப்பிசாசு, ஒரே மூச்சுல படபடன்னு தட்டிட்டா! சரியா கேக்கலை, மறுபடி தட்டுன்னு பொய் சொன்னேன். மறுபடியும் தட்டினா. பின்னாலேருந்து அவரு, அதான் எல்லாம் வந்துடுச்சே, அடுத்த வாரத்தோட நிறுத்திக்கலாம்ங்கறாரு.

பாடத்துக்குப் பதிலா கதை சொல்லலாமேங்கறீங்களா? கதைன்னா பேச்சு வளரும் சார். வளந்தா நான் உளறிடுவேன்னு அவருக்குத் தெரியும். கோர்ட்டுல அவர் பக்கம் தீர்ப்பானப்ப அவளுக்கு இன்னும் பேச்சே வரலை. இடுப்புல தூக்கிட்டுப் போனாரு. இப்ப வாய் ஓயாம டீச்சர் டீச்சர்ங்கறா.

அன்னிக்குப் போனை வைக்கறதுக்கு முன்னாடி, நீயே ஒரு வார்த்தை எடுத்துப் பிரின்னேன். மாம்-மா. ரெண்டே தட்டு. அம்மாவுக்கு அங்க அதான். சரியா டீச்சர்னு கேட்டா.

சரிதான், அடுத்தது சொல்லுன்னேன்.