அப்பா சட்டையில் ஒரு மட்குண்ணி

இந்த வார்த்தைய எனக்கு முதல்ல சொன்னவ என் மகதாம்மா. போன ஞாயித்துக்கிழமை, சோத்துத் தட்டு முன்னாடி. ஸ்கூல்ல உயிரியல் டீச்சர் அவ. கூடப் பொறந்த அண்ணனைப் பாத்து, 'மட்குண்ணி'ங்கறா. உங்க காதுலயும் விழுந்திருக்கும்... நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுச்செவுரு அப்படி.

கெட்ட வார்த்தைன்னு நான் பதறிட்டேன். அப்புறம் பாடம் எடுக்கறா. ஒட்டுண்ணின்னா உசுரோட இருக்கறத உறிஞ்சுமாம், பேன் மாதிரி. மட்குண்ணி செத்ததை மட்டுந்தான் தின்னுமாம். ரொட்டியில பூக்கற பூஞ்சை, உளுத்த கட்டையில முளைக்கற காளான், எல்லாம் அந்த இனம். சரி, யாரையும் கடிக்காத சாதுதானேன்னு எனக்கு மனசு ஆறிப்போச்சு. அவ விடுவாளா? போட்டிருக்கறது அப்பா சட்டை, ஓட்டறது அப்பா ஸ்கூட்டர், சாஞ்சு கெடக்கறது அப்பா நாற்காலின்னு அடுக்கறா. நாப்பது வயசு ஆம்பள, பாதி சோத்துல எந்திரிச்சுப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டான்.

எனக்குப் பொறுக்கல. மட்குண்ணியும் கடவுள் படைச்சதுதானடின்னேன். அதுக்கு என்ன சொன்னா தெரியுமா?

"ஆமாம்மா. அது இல்லன்னா உதிர்ந்த எலையெல்லாம் கூரை வரைக்கும் குமிஞ்சிருக்கும். தின்னதை அது மண்ணாக்கித் தரும். இவன் என்னத்த ஆக்கித் தர்றான்? அவசரப்பட்டு இவனுக்குப் பெரிய பட்டம் குடுத்துட்டேன்."

சொல்லிட்டு ஸ்கூட்டர் சாவியையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டா. இவன் அந்தச் சட்டையிலயே கெடக்கற வரைக்கும் வாசப்படி மிதிக்க மாட்டாளாம்.

என்ன, அடுப்புல ஏதாவது வச்சிருக்கீங்களா? இதோ, முடிச்சிட்டேன்.

ஜபத்துல உக்காந்தா வாயில சாமி பேரு வரல, மட்குண்ணிதான் வருது. அப்பத்தான் யோசிச்சேன். எங்க வீட்டுக்காரர் போய்ச் சேந்ததுக்கு அப்புறமும் அந்தச் சட்டைகளைத் துவைச்சு, பித்தான் தைச்சு, தேச்சு, இவன் கைக்கு எட்டற எடத்துல மாட்டி வச்ச மகராசி யாரு? நான்தான். தின்ன ஒண்ணும் இல்லன்னா பூஞ்சை அங்க தங்காதாம், அதையும் அவதான் சொன்னா.

அதான், எல்லாத்தையும் இந்த மூட்டையில கட்டிட்டேன். ஆஸ்பத்திரியில ஏழைப்பட்டவங்களுக்குக் குடுக்கறாங்களாம். ஒரே ஒரு சட்டை மட்டும் என் தலகாணிக்கு அடியில இருக்கு... நானும் அந்த இனந்தான், வெளிய சொல்லிடாதீங்க.

மூட்டை கனக்குது. நான் கூப்பிட்டா அசைய மாட்டான். அடுத்த வீட்டுக்காரங்க கூப்பிட்டா மானத்துக்காவது எந்திரிப்பான். கொஞ்சம் அவன் கதவைத் தட்டி, இதக் கீழ எறக்கித் தரச் சொல்லுங்களேன்.