நாலு கேமரா, நாலு டிஸ்க்

ஜான்சி: இந்தப் பெட்டியில எத்தினாவது டிஸ்க்க சார் மாத்துனீங்க?

சகாதேவன்: மூணாவது. இது பெட்டி இல்லம்மா, சர்வர். மரக்காணத்துல உப்பளம் வச்சிருக்கறவன்ல, வீட்டுலயே சர்வர் வச்சிருக்கறவன் இந்த சகாதேவன் ஒருத்தன்தான். நாலு கேமரா, நாலு டிஸ்க். திறப்பு விழாவுக்கு ரிப்பனே வெட்டுனோம்.

அமுதவல்லி: இதே ஹால்ல. ரிப்பன புடிச்சிக்கினு நின்னது நானு. கத்திரிக்கோல் கெடைக்கல, அருவாமனையால வெட்டினாரு.

சகாதேவன்: அமுதா, உள்ள போயி டீ வை.

அமுதவல்லி: வச்சிட்டுத்தான் வந்தேன்.

சகாதேவன்: ஏம்மா, உங்க கம்ப்யூட்டர் கடையில ஆம்பள ஆளு யாரும் இல்லியா?

ஜான்சி: இருக்காங்க சார். டிஸ்க் வேலன்னா என்னத்தான் அனுப்புவாங்க. பேரு ஜான்சி. மாத்துனதுக்கு அப்பறம்தான் கத்த ஆரம்பிச்சிதா?

சகாதேவன்: ஆமா. முந்தாநேத்து மாத்துனேன். நேத்து பூரா கீ... கீன்னு ஒரே கத்தல். காலைல பாத்தா மூச்சே இல்ல. இதோ பாரும்மா, உன் வேல சிம்பிள். "மூணாவது டிஸ்க் பழுது, அதுல இருந்தது இனிமே வராது." அவ்ளோதான். கடை லெட்டர் பேடுல எழுதிக் குடுத்துட்டு நீ கெளம்பலாம்.

ஜான்சி: பாக்காம எப்டி சார் எழுதறது?

சகாதேவன்: நாளைக்குப் பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரு.

அமுதவல்லி: கொளஞ்சியம்மா கேஸு.

ஜான்சி: அது... யாருங்க?

சகாதேவன்: வூட்டாண்டயே இருக்குற நம்ம அளத்துல உப்பு வாரினவ. பன்னெண்டு நாளாவுது. காலைல உப்புக் குவியலாண்ட நின்னுக்கினு இருந்தா. நம்ம டிரைவர் அசோகன் டிராக்டர ரிவர்ஸ் எடுத்தான். டிரெய்லர் இடிச்சி... அந்த எடத்துலயே முடிஞ்சிட்டுது. அவன உள்ள வச்சிட்டாங்க. இப்ப அவன் வக்கீல் ஓட்டினது அசோகனே இல்லன்றான். கேமராவக் காட்டுன்றான்.

ஜான்சி: அந்த எடத்தக் காட்டற கேமரா...

சகாதேவன்: மூணாவது.

ஜான்சி: ம்ம்.

சகாதேவன்: என்னா ம்ம்?

ஜான்சி: ஒண்ணுமில்ல சார். ஸ்க்ரூ டைட்டா இருக்குது.

சகாதேவன்: செத்தவளுக்கு நான் ஒரு கொறையும் வைக்கலம்மா. ஈசிஆர் ரோட்டுலேர்ந்து அளம் வரைக்கும் ஆறு எடத்துல கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ்.

அமுதவல்லி: அவ படம் தபால்தல அளவு. இவரு படம் ஆள் உசரம். அனுமந்தையிலேர்ந்து எங்க அண்ணன் போன் போட்டு அழுவுறாரு, மாப்ளைக்கு என்னா ஆச்சின்னு.

சகாதேவன்: டிசைன் பண்ணவன் தப்பு அது.

ஜான்சி: சார், நீங்க மூணாவதுல போட்டிருக்கிறது ஒரு டெராபைட். மத்ததெல்லாம் நாலு. அளவுல சின்னதப் போட்டா இது சேத்துக்காது.

சகாதேவன்: புது டிஸ்க்கும்மா அது!

அமுதவல்லி: அருண்ராஜோட பழைய கம்ப்யூட்டர்லேர்ந்து கழட்டினது.

ஜான்சி: அருண்ராஜ்னா...

அமுதவல்லி: எங்க பையன். பெங்களூர்ல இருக்கறான். பன்னெண்டு நாளா.

சகாதேவன்: வேல தேடப் போயிருக்கறான். நீ டீயக் கொண்டா.

ஜான்சி: கழட்டுன டிஸ்க் எங்க சார்?

சகாதேவன்: கெட்டுப்போனத வச்சிக்கினு என்னா பண்றது? தூக்கிப் போட்டேன்.

அமுதவல்லி: கழுவெளி ஏரியில. பைக் எடுத்துக்கினு போயி. வீட்டுக் குப்பய ஒரு நாள் தொட்டிருப்பாரா இந்த மனுசன்!

ஜான்சி: மூணாவது கெட்டப்ப அதுல செவப்பு லைட்டு எரிஞ்சிதா சார்?

சகாதேவன்: எரிஞ்சிது... எரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சி.

ஜான்சி: சரிங்க. ஆனா ஒண்ணு போனா இது நிக்காது சார். மத்த மூணும் சேந்து இழுத்துக்கினு போவும். கத்தும், அவ்ளோதான். மூச்சே இல்லன்னா இன்னொண்ணும் போயிருக்கணும். ... ஆமா. ரெண்டாவதுல லைட்டே இல்ல.

சகாதேவன்: ரெண்டாவத நான் தொடவே இல்லியே!

ஜான்சி: அது நெசமாவே போயிருந்தா மொத்தமும் போச்சி. யாராலயும் எடுக்க முடியாது.

சகாதேவன்: மொத்தமுமா? ... த்சொ, த்சொ. அதையும் லெட்டர்ல சேத்துக்கம்மா.

அமுதவல்லி: அந்த ரெண்டாவத வெளிய எடுத்துப் பாரும்மா.

சகாதேவன்: உனக்கு என்னாத்துக்கு இதெல்லாம்?

அமுதவல்லி: வந்த பொண்ணு வேலய செய்யட்டுமே. இந்தாம்மா டீ. சக்கர போடல.

சகாதேவன்: அவளுக்கு சக்கர வேணாம்னு உனக்கு எப்டித் தெரியும்?

அமுதவல்லி: ...வூட்ல தீந்துபோச்சி.

ஜான்சி: இதப் பாருங்க. முனையில பச்ச புடிச்சிருக்குது. உப்புக் காத்து.

சகாதேவன்: உப்பப் பத்தி எனக்கே சொல்றியா? மூணு தலமொறை! உப்பளக் குத்தகைதாரர் சங்கத் தலைவர் என்கிற முறையில்...

அமுதவல்லி: அதான் கடல் காத்து அடிக்கற ஜன்னலாண்ட வச்சிருக்காரு. ரோட்டுல போறவங்களுக்கு லைட்டு தெரியணுமாம்.

ஜான்சி: பென்சில் அழிக்கற ரப்பர் இருந்தா குடுங்கக்கா.

சகாதேவன்: ரப்பர வச்சி சர்வர ரிப்பேர் பண்ணப் போறியா? நல்லா இருக்குதே.

ஜான்சி: தேச்சிப் பாப்போம் சார். வந்தா வரும்.

சகாதேவன்: கேட்டாண்ட யாரது?

அமுதவல்லி: அசோகன் பொண்டாட்டி. தெனம் இந்நேரத்துக்கு வருது. அஞ்சு நிமிசம் நிக்குது. போவுது. ஒரு வார்த்த பேசறதில்ல.

ஜான்சி: அக்கா... அந்த ஜன்னல சாத்துறீங்களா? கண்ணு கூசுது.

சகாதேவன்: நிக்கட்டுமே. ரோடு கவர்மெண்ட்டுது. நான் என்னா பண்ணுவேன்? டிராக்டர் சாவி எப்பவும் அசோகன் இடுப்புலதான் இருக்கும். ஊருக்கே தெரியும். என்னா அமுதா? நாளைக்கு இன்ஸ்பெக்டர் கேட்டா நீயும் அதையேதான் சொல்லணும்.

அமுதவல்லி: ரப்பர் போதுமாம்மா?

ஜான்சி: போதும்க்கா. மாட்டிட்டேன். இப்ப ஆன் பண்றேன்.

சகாதேவன்: ஒண்ணும் எரியலயே.

ஜான்சி: இருங்க. ... ஒண்ணு வந்துடுச்சி. ... நாலு.

அமுதவல்லி: ரெண்டாவது என்னாம்மா ஆச்சி?

ஜான்சி: சுத்துற சத்தம் கேக்குது. ... வந்துடுச்சிக்கா. பச்ச லைட்டு.

சகாதேவன்: சபாஷ்! ஒண்ணு, ரெண்டு, நாலு. மூணு கேமரா பொழச்சிக்கிச்சி. மூணாவதுதான் பாவம். இப்ப எழுதலாம் இல்ல?

ஜான்சி: மூணாவது டிஸ்க்லதான் மூணாவது கேமரான்னு யாரு சார் சொன்னது?

சகாதேவன்: யாரு சொல்லணும்? நாலு கேமரா, நாலு டிஸ்க். ஆளுக்கு ஒண்ணு.

ஜான்சி: பாத்தி பிரிச்ச மாதிரி இல்ல சார் இது. நாலு கேமராவும் நாலு டிஸ்க்லயும் கலந்து கெடக்குது. ஒண்ணப் புடுங்கிட்டா, அதுல என்னா இருந்திச்சின்னு மத்த மூணும் சேந்து சொல்லிடும். அதுக்குன்னுதான் இந்தப் பெட்டிய வாங்குறதே.

சகாதேவன்: அப்ப... கழுவெளியில...

ஜான்சி: டிஸ்க்தான் போச்சி. உள்ள இருந்தது போவல. இதோ... மூணாவது கேமரா. பன்னெண்டு நாளைக்கு முன்னால. காலைல ஏழே கால்.

சகாதேவன்: வேணாம்மா. நிறுத்து.

ஜான்சி: கூடையோட நிக்கறாங்க கொளஞ்சியம்மா. முதுகக் காட்டிக்கினு. டிராக்டர் பின்னால வருது...

சகாதேவன்: நிறுத்துன்றேன் இல்ல!

ஜான்சி: இடிச்சிட்டுது... எறங்கறவரு செவப்பு டீஷர்ட். கைல செல்போன். தலையில கைய வச்சிக்கினு அப்டியே நிக்கறாரு.

அமுதவல்லி: அருண்ராஜ்.

ஜான்சி: டீக்கடை பக்கத்துலேர்ந்து ஒருத்தர் ஓடி வர்றாரு. கிளாஸ போட்டுட்டு... அந்தம்மாவத் தூக்கறாரு. அதுதான் அசோகன்.

சகாதேவன்: அமுதா, அந்த சுவிட்ச ஆஃப் பண்ணு!

அமுதவல்லி: மாட்டேன்.

சகாதேவன்: உன் புள்ளடி அது!

அமுதவல்லி: தெரியும்.

சகாதேவன்: தள்ளு. தள்ளிப் போ, நானே... அமுதா, வழிய வுடு!

அமுதவல்லி: முடிஞ்சிதாம்மா?

ஜான்சி: ஆச்சிக்கா. பென்டிரைவ்ல ஏறிட்டுது. வக்கீலுக்கும் அனுப்பிட்டேன்.

சகாதேவன்: எந்த வக்கீலுக்கு? ஏய்... நீ யாரு?

ஜான்சி: அசோகன் தங்கச்சிங்க. வெளிய நிக்கறது எங்க அண்ணி.

சகாதேவன்: பாத்தியா அமுதா! பாத்தியா! வேசம் போட்டுக்கினு வூட்டுக்குள்ள பூந்திருக்கறா! இவள இங்க எவன் வரச் சொன்னது?

ஜான்சி: அக்கா... நான் சொல்லட்டுமா?

அமுதவல்லி: வேணாம்மா, நானே சொல்றேன். என்னாங்க, அந்தக் கடை நம்பர உங்களுக்குக் குடுத்தது நாந்தான். இவ யாருன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன். பன்னெண்டு நாளா என் வாயால சொல்ல வரல, அதான் பெட்டி சொல்லட்டும்னு இருந்தேன். ஆனா அதுலயும் பாதிதான் இருக்குது... நம்ம அடுப்பங்கரையில கேமரா இல்லியே. அசோகன் டீ குடிக்கப் போவசொல்ல சாவிய அங்க இருக்கற ஆணியில மாட்டிட்டுத்தான் போவான். அன்னிக்கி, "ஒரே ஒரு ரவுண்டும்மா"ன்னு புள்ள வந்து நின்னான்... எடுத்துக் குடுத்தது நாந்தாங்க.