ஃபிளாப்பை ஏற்றச் சொன்ன விதம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கூப்பிடு தூரம்தான், இன்ஸ்பெக்டர் மேடம். இருந்தும் பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. அறுபத்திரண்டு வயது. உட்கார்ந்தே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் காமராஜ். சோழபுரம் பக்கம் ஒரு மில் முதலாளியின் சொந்த ஓடுதளத்தில் சிறு விமானம் ஓட்டச் சொல்லித்தருகிறேன். இறந்துபோன வினோத் என் மாணவன். தங்கமான பிள்ளை.

இறக்கையின் பின்விளிம்பில் ஃபிளாப் என்று ஒரு பலகை உண்டு. அதை இறக்கினால், மெதுவாகப் போகும்போதும் விமானத்தைத் தாங்கும். தரையிறங்க வந்தவன் மறுபடி மேலே கிளம்ப நேர்ந்தால், அதைப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். ஒரேயடியாக ஏற்றினால் தாங்கல் போய் விமானம் அமுங்கும். மூவாயிரம் அடியில் அதனால் ஒன்றும் ஆகாது. ஐம்பது அடியில் ஆகும்.

போன மாதம் வேகம் காட்டும் முள் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த வினோத் கவனித்துவிட்டான்.

"சார், கண்ணு எம்புட்டு நாளா இப்படி இருக்கு? நீங்களே மொதலாளிகிட்ட சொல்லிருங்க. இல்லன்னா மாசக் கடைசில நான் சொல்லிருவேன்."

அக்கறையில்தான் சொன்னான். ஆனால் பறக்காமல் நான் என்ன செய்வேன்? வேறு தொழில் தெரியாது. அவனோடு மல்லுக்கட்டத் தெம்பும் இல்லை. மறுநாள் மூவாயிரம் அடியில் வைத்து, மறுபடி மேலே கிளம்பும் பாடத்தைத் தொடங்கினேன்.

"ஏலே, கொஞ்சங்கொஞ்சமா ஏத்தாத. ஒரேயடியா ஏத்திரு, வண்டி லேசாயிரும்."

கை தானாகப் போகும்வரை ஒன்பது நாள் பழக்கினேன். பத்தாம் நாள் தனியாக அனுப்பினேன். விமானம் இறங்குமுன் ஓடுதளத்தில் மேயும் ஆடுகளை விரட்டுவது வாட்ச்மேன் பால்சாமியின் வேலை. "செத்த நேரம் மேயட்டும்ணே" என்று அவரை டீ குடிக்கக் கூட்டிப்போனேன்.

ஆடுகளைப் பார்த்து வினோத் மேலே கிளம்பினான். ஃபிளாப்பை ஒரேயடியாக ஏற்றினான். விமானம் அமுங்கித் தென்னந்தோப்பில் விழுந்தது. பால்சாமி ஓடினார். நான் நடந்துதான் போனேன்.

பையனுக்குப் பாடம் மறந்துவிட்டது என்று ஊரில் பேசுகிறார்கள். அதுதான் பொறுக்கவில்லை. அவன் நான் சொன்னதில் இம்மியும் பிசகவில்லை. கொன்றது நான்தான்.

முதலாளியிடம் ஒன்று சொல்லிவிடுங்கள், மேடம். புது விமானம் வந்தால் முதலில் நான் ஓட்டிப் பார்க்கிறேன். சின்னப் பிள்ளைகளை நம்பிக் கொடுத்துவிட வேண்டாம்.