மாமி வீட்டு விலாசம்

“உம்மட மாமி வீட்டில எத்தினை பேர் இருக்கினம் எண்டு கேட்டவங்கள், தம்பி.”

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் பின்னேரப் படகில், எனக்கு முன்னால் இருந்த பெண் சொன்னாள். யாழ்ப்பாணத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போய்த் திரும்புகிறாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவன், வேலை தேடுபவர்களுக்குச் சுயவிபரக்கோவை எழுதித் தரும் இலவச இணையத்தளம் ஒன்றைச் செய்தவன் என்பது பேச்சில் தெரிந்தது.

“ஆர் கேட்டது, அக்கா?”

“மனேச்சர்தான். ஒரே கொக்குவில் விலாசத்தில ஆறேழு விண்ணப்பமாம். அது என்ன, விடுதியோ எண்டு சிரிச்சவர்.”

“நெடுந்தீவு எண்டு கண்டா, படகு ஓடாத நாளில வேலைக்கு வரமாட்டினம் எண்டு ஒதுக்கிப்போடுறாங்கள். அதுதான் என்ர தளத்தில எங்கட ஆக்கள் எல்லாருக்கும், டவுனுக்குக் கிட்ட கொக்குவில்ல இருக்கிற மாமி வீட்டு விலாசத்தைப் போட விட்டனான்.”

“நல்லாத்தான் விட்டீர். பொய்காரி எண்டு எழுப்பி வெளியில கலைச்சுப்போட்டார்.”

“எல்லாரும் அந்தக் கொம்பனிக்கே போடுவினம் எண்டு நான் நினைக்கேல்லை.”

“வேற எங்க கொம்பனி இருக்கு?”

அவன் கைப்பேசியை எடுத்தான். “இப்பவே தளத்தில இருந்து மாமி வீட்டை அழிக்கிறன், அக்கா. இனி அவையவை சொந்த விலாசத்தைப் போடட்டும்.”

“வேண்டாம், விடும். சொந்த விலாசத்தைப் போட்டு ரெண்டு வருசம் பாத்துக்கொண்டு இருந்தனான். ஒருத்தரும் கூப்பிடேல்லை. மாமி வீட்டைப் போட்டபடியாத்தான், எழுப்பிக் கலைக்கவெண்டாலும் ஒரு கதிரை தந்து இருத்தினவங்கள்.”